கன்னோலியா, ஸ்ஃபிஞ்ச்சேயா, பாஸ்திச்சோத்தோவா: எதை வீட்டில் செய்வது, எதைக் கடைக்கு விட்டுவிடுவது

லண்டனில் இருக்கும் மச்சாள் போன மாதம் தொலைபேசியில், "பலெர்மோவில இத்தனை வருசமா இருக்கிறியள், ஒரு கன்னோலி செய்யத் தெரியாதே?" என்று கேட்டுவிட்டாள். தெரியும், செய்தும் இருக்கிறேன், கையும் சுட்டிருக்கிறேன். குழாய் மாதிரிப் பொரித்த மாக் கோதுக்குள் ரிக்கோட்டா என்ற மென்மையான பாற்கட்டியைச் சீனி கலந்து நிரப்புவதுதான் கன்னோலி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விருந்தாட்கள் வருகிறார்கள், இத்தாலிப் பலகாரம் ஏதாவது கிரீம் வைத்துச் செய்ய வேண்டும் என்றால் முதலில் கன்னோலியைத்தான் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. அவளுக்குத் தொலைபேசியில் சொன்னது பாதி, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பலெர்மோ இருக்கிற சிசிலித் தீவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது சாப்பிட வந்தால் கையில் ஒரு தட்டோடு வருவார்கள், பலகாரக் கடையில் அடுக்கி, மேலே கடதாசி சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுக்கிற தட்டு, 'குவந்தியேரா' என்பார்கள். வீட்டுக்காரி சமைப்பாள், இனிப்பு விருந்தாளி பொறுப்பு. மேல்மாடி சிஞோரா (அம்மணி) ஒரு பெரிய சட்டி நிறைய மக்கரோனி அவணில் வைத்து இறக்கக்கூடியவர், அவரே கன்னோலியின் கோதுகளைக் கடையில் வெறுமையாக வாங்கி வருவார். "கோது செய்ய எனக்கென்ன விசரா?" என்பது போல ஒரு பார்வை. இங்கே கடையில் நிரப்பாத கோது தனியாக விற்பார்கள், பெட்டி பெட்டியாக. ஆக, செய்யத் தெரிந்த ஊர்க்காரர்களே எதைச் செய்வது எதை வாங்குவது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்தால்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுக்கக் குசினியில் நிற்கிறோம்.

அந்தக் குசினி என்ற சொல்லே ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் குசினி என்கிறோம், இவர்கள் குச்சீனா என்கிறார்கள், பாணை இவர்கள் பானே என்கிறார்கள். எங்களுக்குப் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், இவர்களுக்கு இலத்தீன் வழி வந்தவை. வந்த புதிதில் அம்மாவுக்கு இத்தாலிய மொழியில் தெரிந்த முதல் இரண்டு சொற்கள் இவைதான், படிக்கவே தேவையிருக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எதைச் செய்யலாம் என்று முடிவெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கடைக்காரரிடம் பழகிய கை இருக்கிறது, பெரிய அவண் இருக்கிறது, மாவைக் கடதாசி போலத் தட்டுகிற யந்திரம் இருக்கிறது. அதில் நாம் போட்டி போட முடியாது. வீட்டில் இருக்கிற ஒரே வசதி, சட்டியிலிருந்து வாய்க்கு இரண்டு நிமிடத்தில் போய்விடலாம் என்பது. அந்த இரண்டு நிமிடத்தால் எந்தப் பலகாரத்தின் ருசி தலைகீழாக மாறுகிறதோ அதை வீட்டில் செய்யுங்கள். மாறாததை வாங்குங்கள்.

இந்த அளவில் வைத்துப் பார்த்தால் கன்னோலி ஒரு விசித்திரமான பலகாரம், பாதி வீட்டுக்கு, பாதி கடைக்கு. கோது இரண்டு மூன்று நாள் காற்றுப் புகாமல் வைத்தாலும் மொறுமொறு என்று இருக்கும், அதில் அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே ரிக்கோட்டா வைத்த நிமிடத்திலிருந்து கோது ஈரம் குடிக்கத் தொடங்கும், ஒரு மணி நேரம் போனால் நனைந்த அப்பளம்தான். அதனால்தான் நல்ல கடைகளில் நீங்கள் கேட்ட பிறகே நிரப்பித் தருவார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் நிரப்பி அடுக்கி வைத்திருக்கிற கடையைக் கண்டால் நான் கோப்பி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஆக, கோதை வாங்கி, ரிக்கோட்டாவை வீட்டில் செய்து, மேசையில் வைத்தே நிரப்புவதுதான் என் கணக்கில் மிகச் சரியான கன்னோலி. சிஞோரா செய்வது அதுவே.

கோது கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு, அல்லது பிடிவாதக்காரர்களுக்கு, செய்முறை இது. கால் கிலோ கோதுமை மா, 30 கிராம் பன்றிக் கொழுப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி கொக்கோ, கொஞ்சம் கறுவாத் தூள், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, பிசைய மர்சாலா என்ற சிசிலி வைன், 60 மில்லியில் தொடங்கிப் போதாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள். மா இறுக்கமாக இருக்க வேண்டும், சப்பாத்தி மாவைவிட இறுக்கம். ஒரு மணி நேரம் மூடி வைத்து, ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குத் தட்டி, வட்டமாக வெட்டி, உலோகக் குழாயில் சுற்றி, ஓரத்தில் முட்டை வெள்ளைக்கரு தடவி ஒட்டி, 170, 175 பாகையில் பொரிக்க வேண்டும். கன்னோலோ என்ற பெயரே நாணல் தண்டிலிருந்து வந்தது, முன்பு குழாய்க்குப் பதிலாக நாணலை வெட்டித்தான் சுற்றுவார்கள். ஒன்று என்றால் கன்னோலோ, பல என்றால் கன்னோலி, அதனால் 'கன்னோலிகள்' என்று யாராவது எழுதினால் சிஞோரா சிரிப்பார். நான் தமிழில் இரண்டையும் கன்னோலி என்றே எழுதிவிடுகிறேன், அவர் இதை வாசிக்கப் போவதில்லை.

வைனும் வினாகிரியும் ருசிக்கு மட்டுமில்லை. அவற்றின் புளிப்பு, மாவின் இழுவையைத் தளர்த்தும், அதனால் தட்டும்போது சுருங்கிப் பின்வாங்காது. எண்ணெயில் விழுந்ததும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளுவதால் மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். அந்தக் கொப்புளம் இல்லாவிட்டால் அது பொரித்த பிஸ்கட், அவ்வளவுதான். மது வேண்டாம் என்பவர்கள் திராட்சைச் சாற்றோடு வினாகிரியைக் கொஞ்சம் கூட்டிப் பிசையலாம், கொப்புளம் வரும், வாசனை வேறாக இருக்கும். பன்றிக் கொழுப்புக்குப் பதில் உறைந்த நெய் போட்டு நானே பல தடவை செய்திருக்கிறேன், இந்த அளவில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இந்தக் கொழுப்பு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாமலே சாப்பிட்டிருப்பார்கள். தெற்கு இத்தாலியின் பழைய பலகாரங்களில் வெண்ணெயைவிடப் பன்றிக் கொழுப்புத்தான் அதிகம். கடையில் 'ஸ்த்ருத்தோ' என்று எழுதியிருந்தால் அதுதான். கோதுக்குள்ளும் இருக்கும், சில இடங்களில் பொரிப்பதும் அதிலேயே. விரதம் பிடிப்பவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டில் செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேறில்லை, சில குடும்பங்களில் இந்த ஒரு காரணத்தாலேயே ஒப்பீடு முடிந்துவிடும்.

நான் முதல்தடவை கோது செய்தபோது முட்டை வெள்ளைக்கருவைத் தாராளமாகத் தடவினேன், அது குழாயில் பட்டு, எண்ணெயில் வெந்து, பசை போலப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டில் ஐந்து குழாயோடு சேர்த்து உடைந்தன. அடுத்த தடவை விரல் நுனியால் ஒரு பொட்டு மட்டும் வைத்தேன், பொரித்து எடுத்து அரை நிமிடம் விட்டு, துணியால் குழாயைப் பிடித்து மெதுவாகத் திருகினேன், தானாகக் கழன்றது. சூடாக இருக்கும்போதே கழற்ற வேண்டும், ஆறினால் விடாது. கழற்றிய குழாயை ஆறவிட்ட பிறகே அடுத்த மாவைச் சுற்ற வேண்டும், சூடான குழாயில் மா உருகி வழுக்கும். ஆகையால் ஆறு குழாயை வைத்துக்கொண்டு முப்பது கோது செய்ய இறங்கினால் ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும்.

ரிக்கோட்டாவில்தான் கன்னோலியின் உயிர். சிசிலியில் ஆட்டுப்பால் ரிக்கோட்டா, செம்மறியின் பால். சீஸ் செய்து எடுத்த பின் மிஞ்சுகிற தெளிந்த நீரை மறுபடி காய்ச்சும்போது மேலே திரண்டு வருவது அது, பெயருக்கே 'மறுபடி காய்ச்சியது' என்றுதான் பொருள். குளிர்காலமும் வசந்தமும்தான் அதற்குக் காலம், மலையில் புல் பச்சையாக இருக்கும், கோடையில் புல்லும் கருகும், பாலும் குறையும். கன்னோலி பழைய நாளில் கர்னவாலுக்கு, அதாவது தவக்காலத்துக்கு முன் வருகிற கொண்டாட்டத்துக்கு உரிய பலகாரமாக இருந்ததும் இந்தக் கணக்கோடு பொருந்திப் போகிறது. பலெர்மோவிலிருந்து தெற்கே மலை ஏறினால் பியானா தெல்யி அல்பனேசி என்று ஒரு ஊர், பதினைந்தாம் நூற்றாண்டில் அல்பேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர், இன்றும் அவர்களின் மொழி பேசப்படுகிறது. அங்கே கன்னோலி சாப்பிடவே பஸ் ஏறிப் போவார்கள். நானும் போயிருக்கிறேன், ஒன்று முழங்கை பாதி நீளம், மதியச் சாப்பாடு தேவைப்படவில்லை.

வீட்டில் செய்யும் முறை: ஒரு கிலோ ரிக்கோட்டாவை வடியில் துணி போட்டு, பிரிட்ஜில் ஒரு இரவு முழுக்க வடியவிடுங்கள். காலையில் கீழே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள், அதைத்தான் கோது குடித்திருக்கும். பிறகு 300 கிராம் சீனியைக் கரண்டியால் கலந்து ஒரு மணி நேரம் வைத்து, அப்புறம் மெல்லிய வடியில் தேய்த்து இறக்குங்கள். வடியில் தேய்ப்பது சலிப்பான வேலைதான், மிக்சியில் ஒரு சுற்று விடலாமே என்று தோன்றும். விட்டால் பாயாசம் போல இளகிவிடும், திரும்ப இறுகாது. நான் விட்டேன், அதனால்தான் சொல்கிறேன். கடைசியில் சொக்லேட் துண்டுகள், ஓரத்தில் தூவ இடித்த பிஸ்தா, சீனிப்பாகில் ஊறிய தோடம்பழத் தோல் ஒரு கீலம்.

லண்டனில், ரொறன்ரோவில் டப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் பசும்பால் ரிக்கோட்டா, அதிகம் தண்ணீர், ஒரு இரவு போதாவிட்டால் இரண்டு இரவு வடியுங்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ செய்கிறவர்கள் பாலை எலுமிச்சை விட்டுத் திரித்து எடுப்பதுதான் வழி, ஆனால் அது பனீரின் உறவு, ரிக்கோட்டாவின் உறவு அல்ல. வாயில் மணல் மாதிரிப் படும். எலுமிச்சையைக் குறைத்து, பால் மெல்லத் திரியும்போதே அடுப்பை அணைத்து, பிழியாமல் ஈரத்தோடு வடித்து, இதை மட்டும் மிக்சியில் கொஞ்சம் கிரீமோடு நன்றாக அரைத்தால் கிட்டத்தட்ட வரும். முன்பு மிக்சி வேண்டாம் என்றேனே என்று கேட்காதீர்கள், ரிக்கோட்டா ஏற்கெனவே மென்மையானது, இதை நாம்தான் மென்மையாக்க வேண்டியிருக்கிறது.

இனி ஸ்ஃபிஞ்ச்சே. மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள், இத்தாலியில் அன்றுதான் தந்தையர் தினமும். பலெர்மோவில் அன்றைக்கு ஸ்ஃபிஞ்ச்சே, நாப்போலியில் (நேப்பிள்ஸ்) ட்சேப்பொலே, ரோமில் பின்யே, எல்லாம் ஒரே குடும்பம்: தண்ணீரும் கொழுப்பும் கொதிக்க மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பிலிருந்து இறக்கி முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, பொரிப்பது. நாப்போலிக்காரர் வளையமாகப் பிழிந்து, நடுவில் கஸ்டர்ட் வைத்து, மேலே சீனிப்பாகில் ஊறிய கறுப்புச் செரி ஒன்று வைப்பார்கள். பலெர்மோவில் வடிவம் கிடையாது, கரண்டியால் எடுத்துப் போட்ட கடற்பஞ்சு மாதிரி ஒழுங்கில்லாத உருண்டை, மேலே கன்னோலிக்குள் வைக்கும் அதே ரிக்கோட்டா. பெயருக்கும் கடற்பஞ்சு என்றுதான் பொருள், இலத்தீனிலிருந்தா அரபிலிருந்தா என்று சண்டை போடுவார்கள், இரண்டு மொழியிலும் பஞ்சுக்கான சொல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

என் அளவுகோலில் இதுதான் வீட்டுக்கு முதலிடம். பொரித்து இறக்கிய பத்தாவது நிமிடத்தில் வெளியே மொறுப்பு, உள்ளே வெற்றிடம், ஈர நூல்கள். மூன்று மணி நேரம் போனால் ரப்பர். கடையில் திருநாளன்று ஆயிரக்கணக்கில் செய்து குவித்ததில் உங்கள் கைக்கு வருவது எத்தனையாவது மணி நேரத்தில் பொரித்தது என்று யாருக்குத் தெரியும்? குழாய் வேண்டாம், யந்திரம் வேண்டாம், மரக்கரண்டி ஒன்று போதும், வடை சுட்ட கைக்கு இது விளையாட்டு. கால் லீட்டர் தண்ணீர், 100 கிராம் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, 150 கிராம் மா, நான்கு முட்டை. ஐந்தாவதை அடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேவையான அளவு மட்டும் விடுங்கள், கரண்டியைத் தூக்கினால் மா நாக்குப் போலத் தொங்க வேண்டும், விழுந்து ஓடக்கூடாது.

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் எண்ணெய்ச் சூடு. வடைக்கு வைக்கிற சூட்டில் இதைப் போட்டால் ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும், மேல்தோல் இறுகிவிட்டால் அப்புறம் ஊத முடியாது, உள்ளே களி. 160, 165 பாகையில் விட்டு, ஒரு உருண்டைக்கு எட்டுப் பத்து நிமிடம் பொறுமையாக, அடிக்கடி புரட்டி, முள்ளுக்கரண்டியின் முதுகால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள், சிஞோரா அப்படித்தான் செய்வார். தட்டத் தட்ட ஒரு பக்கம் வெடித்து உள்ளிருந்து புது மா எட்டிப்பார்க்கும், அது இன்னும் ஊதும், இரண்டு மடங்காகும். வெடிப்பதைக் கண்டு பயந்து எடுத்துவிடாதீர்கள், வெடிக்கத்தான் வேண்டும்.

நாப்போலி வளையம் வேண்டுமென்றால் பேக்கிங் கடதாசியைச் சதுரமாக வெட்டி அதன்மேல் பிழிந்து, கடதாசியோடேயே எண்ணெயில் விடலாம், கொஞ்ச நேரத்தில் கடதாசி தானாகப் பிரியும், இடுக்கியால் எடுத்துவிடுங்கள். அவணிலும் வைக்கலாம், இப்போது பல கடைகளில் இரண்டு விதமும் வைத்திருப்பார்கள். அவண் வைத்தது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பலகாரம்.

கஸ்டர்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. அரை லீட்டர் பால், எலுமிச்சைத் தோல், ஐந்து முட்டையின் மஞ்சள் கரு, 130 கிராம் சீனி, 45 கிராம் சோளமா. எலுமிச்சைத் தோல் போட்ட பாலைச் சுடவைத்து, மஞ்சள் கரு, சீனி, சோளமாக் கலவையில் ஊற்றி, திரும்ப அடுப்பில் வைத்துக் கிளறினால் கொஞ்ச நேரத்தில் கெட்டியாகும். கெட்டியானதுமே இறக்கினால் இரவு அழகாக இருக்கும், காலையில் மோர் மாதிரி ஓடும். எனக்கு அப்படித்தான் நடந்தது, மாவைக் குற்றம் சொன்னேன், பாலைக் குற்றம் சொன்னேன். காரணம் மஞ்சள் கருவில் இருக்கிற ஒரு நொதி, அது மாச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், கலவை புளுக் புளுக் என்று கொதித்து ஒரு நிமிடமாவது கிளறினால்தான் அது சாகும். மாச்சத்து சேர்ந்திருப்பதால் முட்டை திரளும் என்ற பயம் வேண்டாம். இறக்கியதும் பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் ஒட்டினாற்போல மூடுங்கள், இல்லாவிட்டால் ஆடை கட்டும்.

இந்தக் கஸ்டர்ட் கைவந்தால் பாஸ்திச்சோத்தோ கைவந்த மாதிரித்தான். இத்தாலியின் காலணி உருவத்தில் குதிகால் இருக்கிறதே, சலென்தோ, அங்கே லெச்சே நகரத்தின் காலைச் சாப்பாடு. அதே பக்கத்தில் கலத்தீனா என்ற ஊரில் அஸ்கலோனே என்ற பலகாரக்காரர் குடும்பத்தில் 1745இல் பிறந்தது என்பது அவ்வூர்க் கதை, மிஞ்சிய மாவையும் மிஞ்சிய கிரீமையும் வீணாக்காமல் சின்ன அச்சில் வைத்துச் சுட்டார் என்று சொல்வார்கள். முட்டை வடிவ அச்சு, பிஸ்கட் மா, நடுவில் கஸ்டர்ட், மேலே மூடி, முட்டை தடவி, 200 பாகைக்கு மேல் சூடான அவணில் இருபது நிமிடம். பொரிப்பு இல்லை, சுருட்டல் இல்லை, நேரத்தோடு மல்லுக்கட்டல் இல்லை. முந்தின நாளே அச்சில் நிரப்பி பிரிட்ஜில் வைத்துவிட்டு, விருந்தாட்கள் கோப்பி கேட்கும்போது அவணுக்குள் தள்ளலாம். இளஞ்சூடாகச் சாப்பிட வேண்டும், அவணிலிருந்து எடுத்த உடனே கடித்தால் கஸ்டர்ட் நாக்கைப் பொசுக்கும், கால்மணி பொறுங்கள்.

மா ஒரு பங்கு, சீனி அரைப் பங்கு, கொழுப்பு அரைப் பங்கு, 500 கிராம் மாவுக்கு இரண்டு முட்டை, எலுமிச்சைத் தோல் சீவல். லெச்சேயில் கொழுப்பு என்றால் பன்றிக் கொழுப்பு. இங்கே கன்னோலி மாதிரி இல்லை, அளவு பெரிதென்பதால் மாற்றினால் தெரியும்: பட்டரில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட தண்ணீர், பன்றிக் கொழுப்பில் தண்ணீரே இல்லை, அதனால்தான் அது வாயில் மணல்வீடு போல உதிரும். பட்டரில் செய்தாலும் நல்லாயிருக்கும், கொஞ்சம் இறுக்கமாக. பட்டரும் நெய்யும் கலந்து செய்தபோது உதிர்வு கூடியது, என் வீட்டில் இப்போது அதுதான் நிலையான செய்முறை. அச்சு இல்லாதவர்கள் மஃபின் தட்டில் செய்யுங்கள், லெச்சேக்காரர் யாரையும் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகு ஸ்ஃபொல்யாத்தெல்லா. சிப்பி வடிவில், நூறு இதழ் அடுக்கி வைத்தது போல, நாப்போலியின் பெருமை. அமால்ஃபிக் கடற்கரையில் கொன்கா தெய் மரீனி என்ற ஊரின் சாந்தா ரோசா கன்னியர் மடத்தில் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கியது என்றும், பின்தவுரோ என்பவர் 1818இல் நாப்போலிக்குக் கொண்டுவந்தார் என்றும் அதன் கதை. மடத்தின் பெயரிலேயே கஸ்டர்டும் செரியும் வைத்த ஒரு வகை இன்றும் இருக்கிறது. உள்ளே வைப்பது எங்களுக்கு உடனே பழகிய ருசி: ரவையைத் தண்ணீரிலோ பாலிலோ கிண்டி ஆறவைத்து, ரிக்கோட்டா, சீனி, முட்டை, கறுவா, தோடம்பழத் தோல். முதல்தடவை சாப்பிட்ட அம்மா, "இது ரவைக் கேசரி தானே, உடுப்புப் போட்டிருக்கு" என்றார். ரவை அங்கே சும்மா இல்லை, ரிக்கோட்டாவின் ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இதழ்கள் நனையாமல் இருக்கின்றன.

இதழ் இதழாக இருக்கும் 'ரிச்சா' வகையை வீட்டில் செய்யாதீர்கள். செய்தேன். மாவைப் பாஸ்தா யந்திரத்தில் விட்டு நீளமாக இழுத்து, மேசை போதாமல் நாற்காலியில் தொங்கவிட்டு, கண்ணாடி மாதிரி மெலிய கையால் அகலமாக்கி, கொழுப்புப் பூசி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, ஒரு இரவு குளிரில் வைத்து, மறுநாள் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு பெருவிரலால் நடுவிலிருந்து தள்ளிக் கூம்பாக்கி, ரவையை வைத்து மூடி, அவணில் வைத்தால், என்னுடையது இதழ் விரியாமல் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டையாக வெந்திருந்தது. கொழுப்பில் கஞ்சத்தனம் செய்திருக்கிறேன், அதுவும் ஜூன் மாத வெயிலில். இரண்டு நாள் வேலை. இதில் வீட்டுக்கு என்ன லாபம் என்று யோசித்தால் அதுவும் இல்லை, ஏனென்றால் நாப்போலியில் நல்ல கடைகள் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருக்கும், எப்போது போனாலும் கையில் சூடாகத்தான் வரும். அந்த இரண்டு நிமிட வசதி அவர்களிடமே இருக்கிறது.

அதே ரவைக் கலவையைப் பிஸ்கட் மாவில் வைத்து மூடினால் அது 'ஃப்ரொல்லா' வகை, ஒரு பின்னேர வேலை, ருசி அதேதான், மொறுப்பு மட்டும் இல்லை. நாப்போலிக்காரர்கள் ரிச்சாக் கட்சி, ஃப்ரொல்லாக் கட்சி என்று பிரிந்திருப்பார்கள். வீட்டில் செய்கிறவர் எல்லாரும் ஃப்ரொல்லாக் கட்சியில் சேர்ந்துவிடுவது நல்லது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கில் செய்கிற கன்னொன்ச்சீனி, கடையில் வாங்கிய பஃப் மாவைக் கீலமாக வெட்டிக் குழாயில் சுற்றிச் சுட்டு, கஸ்டர்ட் நிரப்புவது, பிள்ளைகளோடு செய்யலாம், ஒரு மணி நேரத்தில் முடியும். பிடித்தால் செய்யுங்கள், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ரோமின் மரித்தோத்சோ, பணிஸ் மாதிரி ஒன்றைப் பிளந்து அடித்த கிரீமை மலையாக வைப்பது, படத்துக்கு மிக அழகு, ஆனால் பணிஸ் நன்றாக இல்லாவிட்டால் கிரீம் காப்பாற்றாது. தொஸ்கானாவின் பொம்பொலோனே, பொரித்த டோனட்டுக்குள் கஸ்டர்ட், சுடச்சுடச் சாப்பிட்டால் அதற்கு நிகரில்லை, அதுவும் என் அளவுகோலில் வீட்டுப் பலகாரம்தான், மா புளிக்க நாலைந்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால்.

கடைசியாக மச்சாளுக்கு நான் சொன்னது இவை எதையுமில்லை. ஐரிஸ் செய்யச் சொன்னேன். வெளியூரில் இந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. 1901இல் மஸ்காஞ்ஞியின் 'ஐரிஸ்' இசைநாடகம் பலெர்மோவுக்கு வந்தபோது இங்கே ஒரு பலகாரக்காரர் அதன் நினைவாகச் செய்து பெயர் வைத்தார் என்பார்கள். இப்போது கடைகளில் பிரியோஷ் மாவில், அதாவது பட்டரும் முட்டையும் சேர்த்த பாண் மாவில் செய்கிறார்கள், ஆனால் பழைய முறை சாதாரண வட்டப் பாண். மென்மையான பணிஸின் மேல்தோலை மெல்லச் சீவிவிட்டு, அடியில் ஒரு சின்ன மூடி மாதிரி வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் பஞ்சைக் கிள்ளி எடுத்துவிட்டு, சீனி கலந்து வடித்த ரிக்கோட்டாவையும் சொக்லேட் துண்டுகளையும் நிரப்பி, மூடியை வைத்து அடைத்து, பாலில் ஒரு முக்கு, அடித்த முட்டையில் ஒரு முக்கு, பாண் தூளில் உருட்டி, 170 பாகையில் பொன்னிறமாகப் பொரிப்பது. வெட்டினால் உள்ளே ரிக்கோட்டா சூடாக, சொக்லேட் பாதி உருகி இருக்கும்.

இதை ஏன் அவளுக்குச் சொன்னேன் என்றால், பிறந்தநாளுக்கு அறுபது எழுபது ரோல்ஸ் சுற்றி, முட்டையில் தோய்த்து, தூளில் பிரட்டிப் பொரிக்கிற கை அவளுடையது. இத்தாலிப் பலகாரங்களில் எங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை இது ஒன்றுதான். குழாய் வாங்க வேண்டாம், மா பிசைய வேண்டாம், மர்சாலா தேட வேண்டாம், பணிஸும் ரிக்கோட்டாவும் எந்தக் கடையிலும் கிடைக்கும். தூள் பிரட்டும் வரையில் காலையிலேயே செய்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, ஆட்கள் வந்தபின் பொரிக்கலாம்.

போன ஞாயிறு படம் அனுப்பியிருந்தாள். பத்தில் எட்டு அச்சொட்டாக வந்திருந்தன. இரண்டு எண்ணெயில் வாய் திறந்து ரிக்கோட்டாவைக் கக்கியிருந்தன, சட்டியே வெள்ளையாகிப் போயிருந்தது. "ஏன் இப்பிடி?" என்று கேட்டாள். மூடியைச் சும்மா வைத்திருக்கிறாள். அதன் ஓரத்தில் முட்டை தடவி அழுத்த வேண்டும், பொரிக்கும்போது மூடிப்பக்கம் முதலில் கீழே போக வேண்டும், அது சூட்டில் இறுகிய பிறகுதான் புரட்ட வேண்டும்.